பிள்ளைகள் ஏறும் தாரில் ரோல் கேஜ் வேண்டாம்

கேள்வி: பொள்ளாச்சிப் பக்கம் தென்னந்தோப்பு வைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது 2015 மாடல் மஹிந்திரா தார், சாஃப்ட் டாப். வருடத்துக்கு மூன்று நான்கு முறை நண்பர்களோடு தனியார் தோட்டங்களில் ஆஃப் ரோடு ஓட்டப் போவேன். போன மாதம் ஓடைக்கரை ஒன்றில் நண்பரின் ஜீப் பக்கவாட்டில் சாய்ந்து கவிழ்ந்துவிட்டது. நல்லவேளையாக யாருக்கும் பெரிய அடி இல்லை. அன்றிலிருந்து ரோல் கேஜ் (வண்டிக்குள் இரும்புக் குழாயில் கட்டும் கூண்டு) போட்டே ஆக வேண்டும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். பட்டறைக்காரர் ஒருவர் ஒன்றரை இன்ச் ஜிஐ பைப்பில் முழு கேஜ் கட்டித் தர 45,000 ரூபாய் கேட்கிறார். இதே வண்டியில்தான் 9 வயது, 6 வயது பிள்ளைகள் இருவரையும் தினமும் பள்ளிக்குக் கொண்டுபோய் விடுகிறேன். பின்னால் எதிரெதிராக இருக்கும் பெஞ்ச் சீட். என் மனைவிக்கு இதில் விருப்பமில்லை. கேஜ் போடலாமா?

பதில்: வணக்கம். பிள்ளைகளைப் பற்றிய அந்த ஒரு வரி இல்லாமல் இருந்திருந்தால் என் பதில் வேறாக இருந்திருக்கும். அது இருப்பதால் நேராகவே சொல்லிவிடுகிறேன். இந்த வண்டிக்கு ரோல் கேஜ் போடாதீர்கள். ஜிஐ பைப்பில் எந்த வண்டிக்குமே போடக்கூடாது. ஆனால் நல்ல குழாயில், நல்ல கைவேலையில் கட்டினாலும் இந்த வண்டிக்கு வேண்டாம் என்றுதான் சொல்வேன். இருபது வருடத்துக்கு மேலாகக் கோவையில் ராலி வண்டிகளுக்கும் ஜீப்புகளுக்கும் கேஜ் கட்டிக் கொடுப்பதுதான் என் தொழில். அதனால் காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

வண்டி கவிழும்போது ஆள் உட்கார்ந்திருக்கும் இடம் நசுங்காமல் பிடித்துக்கொள்வது கேஜின் வேலை. அதோடு அதன் வேலை முடிந்தது. ஆள் அந்த இடத்துக்குள்ளேயே இருக்கிறாரா, அவர் தலை எதில் போய் மோதுகிறது என்பதெல்லாம் கேஜின் பொறுப்பில் வராது. அதற்காகத்தான் ராலி வண்டியில் உடம்பை அணைத்துப் பிடிக்கும் பக்கெட் சீட், இரண்டு தோளையும் இடுப்பையும் இறுக்கும் ஹார்னஸ், தலைக்கு ஹெல்மெட் என்று மூன்றும் கூடவே வருகின்றன. நாலும் சேர்ந்தால்தான் அது ஒரு பாதுகாப்பு. மூன்றை விட்டுவிட்டுக் கேஜை மட்டும் எடுத்தால், தலைக்குப் பக்கத்தில் நாலைந்து இரும்புக் குழாய்களை நீங்களே கொண்டுவந்து வைத்த மாதிரி ஆகிவிடும்.

நீங்கள் பள்ளிக்குப் போகும்போது ஹெல்மெட் போட மாட்டீர்கள். சாதாரண சீட் பெல்ட் தோளையும் இடுப்பையும் பிடிக்கும், தலையையும் கழுத்தையும் பிடிக்காது. பக்கவாட்டில் ஒரு வண்டி வந்து இடித்தால் தலை ஒரு அடிக்கு மேல் வீசும். சில வருடங்களுக்கு முன் ஒரு மாருதி ஜிப்ஸி என் பட்டறைக்கு வந்தது. கேஜ் வேறு எங்கேயோ கட்டியது. அதன் சொந்தக்காரருக்கு ஆஃப் ரோடில் ஒரு கீறல்கூட விழுந்ததில்லை. ஊருக்குள் மெதுவாகப் போகும்போது சந்திலிருந்து வந்த ஒரு வேன் முன் மூலையில் தட்டியிருக்கிறது. வண்டிக்கு ஒரு ஃபெண்டர் மட்டும் போயிற்று. அவருக்கு நெற்றிப் பக்கத்தில் பதினோரு தையல். கண்ணாடிச் சட்டத்தை ஒட்டி இறங்கும் குழாயில் தலை மோதியிருக்கிறது. அந்தக் கேஜை அறுத்து எடுக்கச் சொல்லித்தான் வண்டியைக் கொண்டுவந்திருந்தார். கேஜ் இல்லாமல் இருந்திருந்தால் அன்றைக்கு ஒரு மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார்.

குழாயைச் சுற்றி ஃபோம் போட்டுக்கொள்ளலாமே என்பார்கள். கடையில் மாட்டிவிடுவது பெரும்பாலும் ஏசி குழாய்க்குச் சுற்றுகிற கறுப்பு ஃபோம். விரலால் அழுத்தினாலே உள்ளிருக்கும் இரும்பு தட்டுப்படும். மண்டை மோதும்போது அது இருப்பதும் ஒன்றுதான், இல்லாததும் ஒன்றுதான். போட்டி வண்டிகளுக்கென்றே வரும் பேடிங் கையில் எடுத்தால் கல் மாதிரி கெட்டியாக இருக்கும். அதுவும் ஹெல்மெட் போட்ட தலையை மனதில் வைத்துச் செய்தது.

இனி பிள்ளைகளிடம் வருகிறேன். முன் சீட்டுக்குப் பின்னால் வளைவாக நிற்பதுதான் மெயின் ஹூப். அதன் உச்சியிலிருந்து இரண்டு குழாய்கள் பின்பக்கமாகச் சரிந்து, பின்சக்கரத்துக்கு மேல் வளைந்திருக்கும் வீல் ஆர்ச் மேல் வந்து இறங்கும். அவற்றை பேக் ஸ்டே என்போம். உங்கள் வண்டியில் அந்த இரண்டு குழாயும் எங்கே வரும் என்று பின் பெஞ்சில் உட்கார்ந்து கையை நீட்டிப் பாருங்கள். சரியாகப் பிள்ளைகளின் தலைக்குப் பின்னால் வரும். பெஞ்ச் பக்கவாட்டில் பார்த்தபடி இருப்பதால், நீங்கள் சட்டென்று பிரேக் பிடித்தால் பிள்ளை தான் பார்க்கும் திசையில் போகாது, பக்கவாட்டில் சாயும். சாய்கிற பாதையில் ஒரு பக்கம் ஹூப், பின்னால் பேக் ஸ்டே. உங்கள் மனைவி என்ன காரணம் சொன்னாரோ தெரியாது, ஆனால் அவர் வேண்டாம் என்றது சரிதான்.

இதற்காக உங்கள் பயத்தை நான் தள்ளிவிடவில்லை. அதுவும் நியாயமானது. சாஃப்ட் டாப் தாரில் உங்கள் தலைக்கு மேல் இருப்பது கேன்வாஸும் அதைத் தாங்கும் மெல்லிய கம்பிகளும்தான். வண்டி மல்லாந்தால் அவை ஒரு நொடிகூட நிற்காது. அமெரிக்காவில் 2009இல் கூரை வலுவுக்கான விதியைத் திருத்தினார்கள். மிகக் கனமானவை தவிர, கார், எஸ்யூவி மாதிரியான வண்டிகளின் கூரை அந்த வண்டியின் எடையைப் போல மூன்று மடங்கைத் தாங்க வேண்டும் என்றார்கள். திறந்த கூரை வண்டிகளை அதிலிருந்து விட்டுவிட்டார்கள். கூரையே இல்லாததை எதை வைத்துச் சோதிப்பது? ஆகவே நண்பரின் ஜீப் கவிழ்ந்ததைப் பார்த்ததும் உங்களுக்கு வயிற்றைக் கலக்கியது என்றால் அது சரியான உணர்வு. அதற்கு அந்தப் பட்டறையில் கிடைக்கும் கேஜ் மருந்தாகாது, அவ்வளவுதான்.

அந்த ஜிஐ பைப் விஷயத்தைத் தனியாகச் சொல்லியே ஆக வேண்டும். ஏனென்றால் உங்களைப் போல நிறையப் பேர் இதில்தான் ஏமாறுகிறார்கள். ஜிஐ பைப் தண்ணீர் போவதற்குச் செய்தது. ஒன்றரை இன்ச் பி கிளாஸ் (நடுத்தரத் தடிமன்) பைப் என்றால் அந்த ஒன்றரை இன்ச் ஏறத்தாழ உள் அளவு. வெளியளவு 48 மில்லிமீட்டர், தடிமன் மூன்று மில்லிமீட்டருக்கு மேல், எடை மீட்டருக்கு மூன்றரை கிலோ. பார்க்க வாட்டசாட்டமாக இருக்கும். சர்வதேச மோட்டார் பந்தயக் கூட்டமைப்பான எஃப்ஐஏ மெயின் ஹூப்புக்குக் கேட்பது 45 மில்லிமீட்டர் வெளியளவும் 2.5 மில்லிமீட்டர் தடிமனும் உள்ள குழாய். அல்லது 50க்கு 2. மற்ற குழாய்களுக்கு 38க்கு 2.5, அல்லது 40க்கு 2. ஆனால் அது தையலில்லாமல் குளிர்நிலையில் இழுத்துச் செய்த குழாயாக இருக்க வேண்டும், 350 மெகாபாஸ்கல் இழுவிசையாவது தாங்க வேண்டும். கடையில் சிடிஎஸ் டியூப் என்று கேட்டால் தெரியும். 45க்கு 2.5 குழாய் மீட்டருக்கு 2.6 கிலோதான் வரும். அதாவது உங்கள் பட்டறைக்காரர் சொல்லும் பைப் இதைவிட மூன்றில் ஒரு பங்கு எடை கூடியது, ஆனால் எப்படி வளையும், எங்கே கிழியும் என்று நம்ப முடியாதது. அந்தத் துத்தநாகப் பூச்சின் மேலேயே வெல்டிங் வைத்தால் புகையும் நச்சு, வெல்டுக்குள்ளும் ஊசித்துளை விழும். மேலே பெயிண்ட் அடித்துவிட்டால் எதுவும் தெரியாது.

வளைப்பதும் அப்படித்தான். வளைவின் ஆரம் குழாயின் விட்டத்தைப் போல மூன்று மடங்காவது இருக்க வேண்டும். 45 மில்லிமீட்டர் குழாய்க்கு 135 மில்லிமீட்டர். மணலைச் சரியாக அடைக்காமல் காய்ச்சி வளைத்தால் உள்பக்கம் சுருக்கம் விழும், குழாய் முட்டை வடிவத்துக்குப் போகும். சுருக்கம் விழுந்த இடம்தான் முதலில் மடங்கும்.

அப்புறம் குறுக்குக் குழாய். பந்தல் போடுகிறவர்களைக் கவனித்திருப்பீர்கள். நாலு கால் நட்டு மேலே சட்டம் கட்டியதோடு விடமாட்டார்கள், மூலைக்கு மூலை ஒரு மூங்கிலைக் குறுக்கே கட்டுவார்கள். அது இல்லாவிட்டால் காற்று ஒரு பக்கம் தள்ளினாலே பந்தல் சாய்ந்துவிடும். கேஜும் அதேதான். வண்டி எப்போதும் சமமாகத் தலைகீழாக வந்து உட்காராது. பெரும்பாலும் ஒரு மூலையில் விழும். அப்போது ஹூப்பின் மேல் வரும் பாரம் பக்கவாட்டில் தள்ளும். மெயின் ஹூப்புக்குள் மூலைக்கு மூலை ஒரு டயகனல் இல்லை என்றால் அந்தச் சதுரம் அப்படியே சாய்சதுரமாகிவிடும். ஆனால் டயகனல் போட்டால் பின் சீட்டுக்கு வழி இருக்காது என்று பெரும்பாலான பட்டறைகளில் அதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் பட்டறைக்காரர் படம் ஏதும் வரைந்து கொடுத்திருந்தால் அதில் டயகனல் இருக்கிறதா என்று பாருங்கள்.

கால் எங்கே ஊன்றுகிறது என்பதுதான் தாரில் பெரிய சிக்கல். தார் லேடர் ஃப்ரேம் வண்டி. சேஸிஸ் தனி, பாடி தனி, நடுவில் ரப்பர் புஷ். பள்ளத்தில் ஒரு சக்கரம் இறங்கும்போது சேஸிஸ் முறுக்கும், ரப்பர் அதைக் கொஞ்சம் வாங்கிக்கொள்ளும். கேஜின் காலைப் பாடியின் தரைத் தகட்டில் மட்டும் நிறுத்தினால், கவிழும்போது குழாய் தகட்டைக் குத்திக்கொண்டு கீழே போகும். மேலே எவ்வளவு வலுவாக இருந்தும் புண்ணியமில்லை. சரி, சேஸிஸிலேயே வெல்டு செய்துவிடலாம் என்றால், சேஸிஸ் ஒரு பக்கமும் பாடி ஒரு பக்கமும் ஆடும்போது கேஜ் நடுவில் மாட்டிக்கொள்ளும். ஆறு மாதத்தில் எங்காவது வெல்டு விரிசல் விடும், இல்லாவிட்டால் பாடி கிழியும். நான் கட்டும்போது ஒவ்வொரு காலுக்கும் 3 மில்லிமீட்டர் தடிமனில், 120 சதுர சென்டிமீட்டருக்குக் குறையாத தகட்டைத் தரையின் மேலும் கீழும் வைத்து, நடுவில் தரைத் தகட்டைப் பிடித்து, 8.8 கிரேடு போல்ட் குறைந்தது மூன்று போட்டு முறுக்குவேன். முடிந்தவரை அந்தக் கால் பாடி மவுண்ட்டுக்கு (பாடி சேஸிஸில் உட்காரும் இடம்) மேலேயோ அதை ஒட்டியோ வருகிற மாதிரி அமைப்பேன். அதற்கு முதலில் தரையில் துரு இருக்கக்கூடாது. பத்து வருடம் சேற்றில் ஓடிய வண்டி என்றால் தரைவிரிப்பைத் தூக்கி ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பார்க்காமல் நான் பேச்சையே ஆரம்பிக்க மாட்டேன்.

எடை கூடிவிடும், வண்டி இன்னும் சீக்கிரம் கவிழும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சரியான குழாயில் முழு கேஜ் கட்டினால் 50 கிலோ சுமார் வரும். தாரின் எடைக்கு அது ஈர்ப்பு மையத்தை ஓரிரு சென்டிமீட்டர் உயர்த்தும், அவ்வளவே. ஜிஐ பைப்பில் கட்டினால் 70 கிலோவைத் தாண்டும், அது வேறு. ஆனால் வண்டியை உயர்த்தும் லிஃப்ட் கிட் போட்டு, மேலே கேரியரில் இரண்டு தண்ணீர் கேன் ஏற்றிக்கொண்டு சரிவில் இறங்குகிறவர், கேஜ் எடையைப் பற்றிக் கவலைப்படுவதில் அர்த்தமில்லை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்ததிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் கேரளத்து வழக்கொன்றில் இதை உறுதி செய்தது. அதே ஆண்டு வந்த திருத்தத்தில், அனுமதிக்கப்படாத மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்று சேர்த்தார்கள். டயகனலுக்காகப் பின் சீட்டை எடுத்துவிட்டால், ஆர்சி புத்தகத்தில் இருக்கும் இருக்கை எண்ணிக்கையே பொய்யாகிவிடும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குச் சொல்லாமல் கட்டி, பிறகு விபத்து நடந்தால் க்ளெய்ம் சிக்கலாகும். தினமும் ரோட்டில் போகிற வண்டிக்கு இது வீண் தலைவலி.

கேஜ் கேட்டு வருகிறவர்கள் பாதிப் பேர் நாலு முனை ஹார்னஸும் கேட்பார்கள். உங்கள் தாரில் அதையும் போடாதீர்கள். தோள் பட்டை ஏறத்தாழ மட்டமாகப் பின்னால் போய்ச் சேர வேண்டும். அதற்குச் சீட்டுக்குப் பின்னால் தோள் உயரத்தில் ஒரு வலுவான குறுக்குக் குழாய் வேண்டும். அது இல்லாத வண்டியில் பட்டையைத் தரையில் போல்ட் போடுகிறார்கள். இடிக்கும்போது அந்தப் பட்டை தோளைக் கீழே அழுத்தும், முதுகெலும்பு நசுங்கும்.

இனி என்ன செய்யலாம் என்பதைப் பார்ப்போம். முதல் கவலை பள்ளிக்கூடப் பயணம்தான். நீங்கள் கேட்டது ஓடைக்கரையைப் பற்றி. ஆனால் வருடத்தில் இருநூறு நாள் பிள்ளைகள் பெல்ட் இல்லாத பெஞ்சில் பக்கவாட்டில் உட்கார்ந்து போகிறார்கள். அதுதான் எனக்கு உறுத்துகிறது. பதினாலு வயதுக்குக் கீழுள்ள குழந்தையைப் பெல்ட்டோ குழந்தைக்கான இருக்கையோ இல்லாமல் ஏற்றிச் செல்வது சட்டப்படியே குற்றம், 194பி பிரிவு. உங்கள் வண்டியில் முன்னால் ஒரு பிள்ளையை, உயரம் கூட்டும் பூஸ்டர் சீட் வைத்துப் பெல்ட் போட்டு உட்கார வைக்கலாம். இருவரையும் ஒன்றாக ஏற்ற இந்த வண்டி சரிப்படாது. வீட்டில் வேறு கார் இருந்தால் பள்ளிக்கு அதை எடுங்கள்.

ஆஃப் ரோடுக்குப் போகும் நாட்களுக்கு, அந்த 45,000இல் நாலில் ஒரு பங்கு போதும். முன் இரண்டு பெல்ட்டையும் முழுசாக வெளியே இழுத்துப் பாருங்கள். சேறு காய்ந்து பட்டை ஓரம் பிசிறியிருக்கும். சட்டென்று இழுத்தால் பூட்ட வேண்டும். பூட்டவில்லை என்றால் அன்றைக்கே மாற்றுங்கள். பாடி மவுண்ட் ரப்பர் எல்லாவற்றையும் பாருங்கள். ஜாக்கி, டூல் பெட்டி, தண்ணீர் கேன், ஷேக்கிள் (வண்டியை இழுக்க மாட்டும் இரும்பு வளையம்) எல்லாம் பட்டை போட்டுக் கட்டப்பட்டிருக்க வேண்டும். மெதுவாகக் கவிழும் ஜீப்பில் ஆளை அடிப்பது பல நேரம் தரையில்லை, உள்ளே பறக்கும் ஜாக்கிதான். ஹெல்மெட் எடுத்துப் போங்கள், தோட்டத்துக்குள் நுழைந்ததும் போடுங்கள்.

இன்னொன்று, இதைக் கூட வருகிறவருக்கும் சொல்லிப் பழக்குங்கள். வண்டி சாயும்போது கை தானாக வெளியே போகும். தரையில் ஊன்றி நிறுத்திவிடலாம் என்று உடம்பு நினைக்கும், அல்லது மேலிருக்கும் கம்பியைப் பிடிக்கும். நான் பார்த்த மோசமான காயங்கள் கையில்தான். ஓட்டுகிறவர் ஸ்டியரிங்கை விடக்கூடாது, கட்டைவிரல் ஸ்டியரிங் வளையத்துக்கு வெளியே இருக்க வேண்டும். பக்கத்தில் இருப்பவர் இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துத் தன் பெல்ட்டைப் பிடித்துக்கொள்ள வேண்டும். ஓடைக்கரைச் சரிவை முதலில் நடந்து பாருங்கள். கீழ்ப்பக்கத்துச் சக்கரம் இறங்கும் இடத்தில் குழியோ, மேல்பக்கத்தில் கல்லோ இருந்தால் அந்தச் சரிவை விட்டுவிடுங்கள். வருடத்துக்கு மூன்று நாலு முறை, நண்பர்களோடு, மெதுவாக என்றால் இந்தக் கவனம் போதும். பெஞ்சில் யாரையும் ஏற்றாதீர்கள், அதில் மட்டும் விட்டுக்கொடுக்க வேண்டாம்.

ஆசை இத்தோடு நிற்காது, போட்டிக்கும் போவேன் என்றால் அதற்கும் வழி இருக்கிறது. குடும்பத்துக்கு ஒரு வண்டி, சேற்றுக்கு ஒரு வண்டி என்று பிரித்துவிடுங்கள். 2020இல் வந்த புதிய தாரில் தொழிற்சாலையிலேயே கட்டிய ரோல் கேஜ் கிடைக்கிறது. வண்டியை வரையும்போதே கூடவே வரைந்தது என்பதால் தலைக்கும் குழாய்க்கும் உள்ள இடைவெளி, ஏர்பேக் விரியும் இடம் எல்லாம் கணக்கில் வந்திருக்கும். பெரும்பாலான வேரியண்ட்டில் பின் சீட் முன்னோக்கி இருக்கிறது, குழந்தை இருக்கை மாட்ட ஐசோஃபிக்ஸ் வசதியும் உண்டு. அந்த ஆண்டு, கார்களை மோதவிட்டு மதிப்பிடும் குளோபல் என்கேப் அமைப்பின் சோதனையில் பெரியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் தலா 4 நட்சத்திரம் வாங்கியது. அது முன் மோதல் சோதனை, கவிழ்ந்தால் என்ன ஆகும் என்பதற்கான சோதனை இல்லை என்பதையும் மனதில் வையுங்கள். வாங்கினால் வேரியண்ட் பார்த்து, பின் சீட் முன்னோக்கி இருப்பதாக வாங்குங்கள்.

அப்போது உங்கள் 2015 தாரைத் தோட்டத்துக்கென்றே ஒதுக்கலாம். போகும் இடத்துக்கு ட்ரெய்லரில் ஏற்றிப் போகும் வண்டி, முன்னால் இரண்டே பேர், ஹெல்மெட்டோடு. அப்படி ஒரு வண்டிக்குக் கேஜ் வேண்டாம் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன், கட்டாயம் போடச் சொல்வேன். சிடிஎஸ் குழாயில், டயகனலோடு, சரியான சீட்டும் ஹார்னஸும் சேர்த்து. செலவு உங்கள் பட்டறைக்காரர் சொன்னதைப் போலச் சில மடங்கு ஆகும். எந்தப் பட்டறைக்குப் போனாலும் குழாயின் பில்லைக் கேளுங்கள், வளைத்த துண்டு ஒன்றைக் கையில் வாங்கி உள்வளைவில் சுருக்கம் இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள், பெயிண்ட் அடிக்கும் முன் வெல்டைக் காட்டச் சொல்லுங்கள். காட்டத் தயங்குகிற இடத்தில் கட்டாதீர்கள்.

இந்த வாரம் ஒரு நாள் வண்டியைக் கழுவி, முன்பக்கத் தரைவிரிப்பைத் தூக்கி, தரைத் தகட்டையும் பாடி மவுண்ட் ரப்பர்களையும் பாருங்கள். துரு எந்த அளவுக்கு இருக்கிறது, லிஃப்ட் கிட் ஏதும் போட்டிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு, ஆஃப் ரோடுக்கு அந்த வண்டி இன்னும் எவ்வளவு நாள் தாங்கும் என்று சொல்கிறேன்.